வாய்க்காலில் வீழ்ந்த இயந்திரம்



வன்னிப் பெருநிலத்திலே குளமும் வாய்க்காலும் இன்றேல் ஊர் இல்லை. இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களின் பெயரைக் கொண்டே நாம் திசையறிகின்றோம். உருத்திரபுரத்திலே ஒருவர் தம் வீட்டுக்கு வழி சொல்லும்போது, எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று வாய்க்காலின் இலக்கத்தையே அடையாளமாகச் சொல்லுவார். நீர் போகும் வழியே மனிதர் போகும் வழியுமாகிவிட்டது. வாய்க்காலின் கரை பல இடங்களில் வண்டிப் பாதையாகவும் பயன்படுகின்றது.

அந்தக் கரை மண்ணாலானது. மாட்டுவண்டி போன காலத்திலே அதற்குப் பெரும் இடர் இருக்கவில்லை. இன்று அதன்மேல் நெல் மூடைகளை ஏற்றிய பெட்டியோடு உழவு இயந்திரம் போகின்றது. மூன்று தொன் நிறையுள்ள அறுவடை இயந்திரம் போகின்றது. ஏழு தொன்னுக்கு மேற்பட்ட பெக்கோவும் போகின்றது. மழையில் ஊறிய கரையின் விளிம்பிலே ஒரு சக்கரம் ஏறினால் போதும். மண் சரிந்து, இயந்திரம் நீருக்குள் சென்றுவிடும். அவ்வாறு வீழ்ந்த இயந்திரத்தை மீட்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

இதில் அப்படிச் சிந்திக்க என்ன இருக்கின்றது, வடத்தைக் கட்டி இழுத்துவிட வேண்டியதுதானே என்று சிலர் நினைக்கக்கூடும். அந்த நினைவுதான் ஆபத்துக்கு வித்து. இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் கடன்பட்டு அதை வாங்கியவர். மாதந்தோறும் தவணை கட்டவேண்டும். அறுவடைக் காலமோ சில வாரங்களுக்குள் முடிந்துவிடும். ஆகவே அவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் நட்டமாகவே தோன்றும். அவருடைய பதற்றம் சுற்றி நிற்போரையும் பற்றிக்கொள்ளும். ஒருவர் நீருக்குள் குதிப்பார். ஒருவர் அடுத்த உழவு இயந்திரத்தைக் கொண்டுவருவார். ஒருவர் துருசை அடைக்க ஓடுவார். இவற்றுள் எதை முதலிற் செய்வது என்ற ஒழுங்கு தவறும்போதுதான் ஒரு விபத்து இரண்டாகின்றது.

முதலாவது மனித உயிர். சாரதி வெளியே வந்துவிட்டாரா, பெட்டியிலே எத்தனை பேர் இருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தபின்னரே வேறெதையும் எண்ணவேண்டும். ஓடும் நீரின் வலிமையை நாம் குறைவாக மதிக்கின்றோம். நீரின் வேகம் இரு மடங்கானால், அது ஒரு பொருளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி, அம்பாறை மாவட்டத்திலே, காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளத்தைக் கடக்க முற்பட்ட உழவு இயந்திரமொன்று பெட்டியோடு அடித்துச் செல்லப்பட்டது. அதிற் சென்ற மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். இரும்பு கனமானது, அதை நீர் அசைக்காது என்ற எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு அத்துயரமே சான்று. ஆகவே ஓடுகின்ற நீருக்குள், இடுப்பிலே கயிறு கட்டாமல், கரையிலே அதைப் பிடித்து நிற்பவர் இல்லாமல், ஒருவரும் இறங்கலாகாது.

இரண்டாவது நீர். 2021ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆந் திகதி இந்தியாவின் மத்தியப் பிரதேசத்திலே, சீதி மாவட்டத்தில், பயணிகள் நிறைந்த பேருந்தொன்று பாண்சாகர் அணையின் பெருவாய்க்காலுள் வீழ்ந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நீரோட்டம் மிகுந்திருந்தமையால் அணையிலிருந்து வரும் நீரை நிறுத்தி, மட்டம் தாழச் செய்தார்கள்; பின்னர் பாரந்தூக்கியால் பேருந்தை வெளியே எடுத்தார்கள். பெரிய பாரந்தூக்கி உள்ள இடத்திலும் நீரைத் தணிக்கவேண்டியிருந்தது என்றால், கயிறும் கப்பியும் மாத்திரமே உள்ள நமது கிராமத்துக்கு அது எவ்வளவு அவசியம் என்று சொல்லவேண்டுவதில்லை.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. அந்த நீர் யாருடையது?

சிறுபோகத்திலே நீர் முறை வைத்தே விடப்படுகின்றது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நாளில் நீர் திறப்பது என்பன பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே தீர்மானிக்கப்படுகின்றன. 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த ஏற்பாடு அது. வாய்க்காலின் கடைசிப் பகுதியிலே வயல் செய்பவர் தமது முறை வரும் நாளை எண்ணிக்கொண்டு இருப்பார். அவருடைய நெல் குடலைப் பருவத்தில் நிற்கும்போது துருசை அடைத்தால், இயந்திரக்காரரின் நட்டம் அவருடைய தலைமேல் இறங்கும். விபத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் அதற்கு விலை கொடுப்பவராகின்றார்.

ஆகவே துருசு தனியொருவர் கைவைக்கும் பொருளன்று. கமக்காரர் அமைப்புக்கும் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளருக்கும் அறிவித்து, அவர்களின் சம்மதத்தோடேயே நீரைக் குறைத்தல் வேண்டும். அதுவும் மெல்ல மெல்லக் குறைத்தல் வேண்டும். வாய்க்கால் நிறைந்து ஓடும்போது கரை மண் உள்ளே ஊறியிருக்கின்றது. வெளியே உள்ள நீர் அக்கரையைத் தாங்கி நிற்கின்றது. திடீரென்று நீரை வற்றச் செய்தால் அந்தத் தாங்கல் போய்விடும். மண்ணுள் இருக்கும் நீரோ அவ்வளவு விரைவில் வடியாது. கனத்த ஈரமண் தன் பாரத்தாலேயே சரிந்து விழும். இயந்திரத்தை எடுக்கப்போய்க் கரையையும் இழப்போம்.

இவ்விடத்திலே இயந்திரக்காரருக்கு ஆறுதலான உண்மையொன்றைச் சொல்லவேண்டும். நன்னீருள் ஓரிரு நாள் கிடப்பதனால் மாத்திரம் ஓர் இயந்திரம் அழிந்துபோவதில்லை. இரும்பு விரைந்து துருப்பிடிப்பதற்கு நீரோடு காற்றும் வேண்டும். நீருள் மூழ்கியிருக்கும்போது காற்று குறைவு. வெளியே எடுத்த பின்னரே, நனைந்த உருளைகளிலும் தாங்கிகளிலும் காற்றுப் பட்டு, துரு விரைவாக வேலை செய்யத் தொடங்குகின்றது. எனவே அவசரம் வேண்டியது எடுத்த பின்னரே. எடுப்பதற்கு முன்னர் அன்று. அந்தக் கிளை வாய்க்காலின் முறை இரண்டு நாளில் முடியுமானால், இயந்திரத்தைச் சங்கிலியாற் கட்டி நிறுத்திவிட்டு அந்த இரண்டு நாளும் காத்திருக்கலாம். இயந்திரம் காத்திருக்கும், குடலைப் பருவத்து நெல் காத்திராது. இயந்திரம் நீரோட்டத்தை மறித்து, மேற்பக்கத்தில் நீர் கரைமேல் ஏறும் நிலை இருந்தால் மட்டும் இப்படிக் காத்திருத்தல் கூடாது. அப்போது நீரை உடனே குறைக்கவேண்டும். காத்திருக்கும் வேளையிலே, கசியும் எண்ணெய் கீழே போகாதபடி வைக்கோற் கட்டுகளை நீரின் குறுக்கே மிதக்கவிட்டுத் தடுப்பது நல்லது. அந்நீரிலே குளிப்போரும் மாடு குடிப்பதும் உண்டல்லவா?

மூன்றாவது கரை. கரை செங்குத்தாக இருந்தால் எவ்வளவு இழுத்தும் பயனில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். இரண்டு தொன் நிறையுள்ள உழவு இயந்திரத்தை, இரண்டடிக்கு ஓரடி உயரும் சரிவிலே ஏற்றுவதற்குச் சரிவுக்காக மாத்திரம் ஏறக்குறைய 900 கிலோ இழுவிசை வேண்டும். அதே கரையை வெட்டி, ஆறடிக்கு ஓரடி உயரும் சரிவாக்கினால் ஏறக்குறைய 330 கிலோ போதும். சேற்றின் பிடிப்பு இவ்விரண்டுக்கும் மேலதிகம். ஆகவே மண்வெட்டியாற் செய்யும் அரைநாள் வேலை, சரிவுக்கான இழுவிசையை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைக்கின்றது.

இது நம்மவர் அறியாத வித்தையன்று. காட்டோரக் கிராமங்களிலே யானை பாழ்ங்கிணற்றில் வீழ்ந்தால் அதை யாரும் கயிற்றினால் மேலே தூக்குவதில்லை. கிணற்றின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டிக் கொடுக்கின்றார்கள். யானை ஏறி வந்துவிடுகின்றது. உலகம் முழுவதும் பார்த்திருந்த ஒரு மீட்பும் இவ்வகையினதே. 2021ஆம் ஆண்டு மார்ச் 23ஆந் திகதி, 400 மீற்றர் நீளமான எவர் கிவன் என்னும் கப்பல் சுயஸ் கால்வாயின் கரையிலே தட்டிக் குறுக்கே நின்றது. இழுவைப் படகுகள் இழுத்தன. ஆனால் இழுவை மாத்திரம் போதவில்லை. கப்பலின் அடியிலிருந்து ஏறக்குறைய 30,000 கன மீற்றர் மணலைத் தோண்டி அகற்றி, பூரணையை ஒட்டிய பெருக்கு நீருக்காகக் காத்திருந்து, ஆறு நாட்களின் பின்னரே அதை விடுவித்தார்கள். அங்கே நீர் ஏறவேண்டியிருந்தது, நமக்கு இறங்கவேண்டும். முதலில் மண்ணையும் நீரையும் இணங்கச் செய்து, பின்னர் இழுப்பதே இரண்டுக்கும் பொதுவான நெறி.

கரையை வெட்டும்போது வன்னியில் வேறோர் எச்சரிக்கையும் தேவை. 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தது. ஆயினும் மண்ணுள் வெடிபொருள்கள் இன்னமும் எஞ்சியுள்ளன. இனந்தெரியாத உலோகப் பொருள் எதுவும் தென்பட்டால் வேலையை அக்கணமே நிறுத்தி, ஒருவரும் அணுகாதபடி செய்து, பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும்.

நான்காவதாகவே இழுத்தல். அடியிலே ஒட்டிய சேறு இயந்திரத்தை உறிஞ்சிப் பிடிக்கும். ஆகையால் முதலில் சக்கரங்களைச் சுற்றியுள்ள சேற்றை அகற்றி, இருபுறமும் மெல்ல அசைத்து, அடியிலே காற்றும் நீரும் புக வழிசெய்யவேண்டும். கம்பி வடத்தை இயந்திரத்தின் அச்சிலோ உறுதியான சட்டத்திலோ கட்டவேண்டும். இயந்திரத்தோடு அசையும் கப்பியொன்றைப் பூட்டி, வடத்தின் ஒரு நுனியைக் கரையிலே கட்டினால் பாதி விசையே போதும். வடம் மட்டும் இரு மடங்கு நீளம் ஓடும். கட்டுவதற்குப் பெருமரம் இல்லாவிடில், தடித்த மரக்குற்றியொன்றைக் குறுக்காக ஆழப் புதைத்து, அதிற் பூட்டலாம். நீருள் இருக்கும் வரை, இரும்பு தன் நிறையில் ஏறக்குறைய எட்டிலொரு பங்கை இழந்திருக்கும். நீர்மட்டத்தைத் தாண்டும்போது அச்சலுகை போய், உள்ளே தேங்கிய நீரும் சேறும் பாரமாகச் சேரும். வடம் அறுவது பெரும்பாலும் அந்த வேளையிலேதான். ஆதலின் அவ்விடத்தில் நிறுத்தி, நீரை வடியவிட்டு, பின்னர் தொடர்தல் வேண்டும்.

இறுகிய வடம் அறுந்தால் சாட்டைபோற் சுழன்று ஆளை வெட்டும். வடத்தின் நேரே எவரும் நிற்கலாகாது. வடத்தின் நடுவிலே ஈரச் சாக்குகளைப் போட்டு வைப்பது அதன் வீச்சைக் குறைக்கும். மற்றோர் உழவு இயந்திரத்தால் இழுப்பதாயின், வடத்தை அதன் பின்புறத்துத் தாழ்ந்த இழுவைச் சட்டத்திலன்றி வேறெங்கும் கட்டலாகாது. உயரமான இடத்திற் கட்டினால், முன்சக்கரங்கள் கிளம்பி, ஓரிரு விநாடியில் அது சாரதியின்மேற் பின்புறமாகக் கவிழும். தப்ப நேரம் இராது.

கரைக்கு வந்த இயந்திரத்தை, ஓடுகின்றதா என்று உடனே முடுக்கிப் பார்க்க மனம் துடிக்கும். அதுவே பெருந்தவறு. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. உருளைக்குள் நீர் நிற்கும்போது பிஸ்ரன் மேலே வந்தால், இணைப்புத் தண்டு வளையும். முதலில் பற்றரியைக் கழற்றுங்கள். பின்னர் இன்ஜெக்டர்களைக் கழற்றி, இயந்திரத்தைக் கையாற் சுற்றி நீரை வெளியேற்றுங்கள். எண்ணெய் முழுவதையும் மாற்றி, காற்றுச் சுத்திகரிப்பியைக் கழுவுங்கள். டீசலைவிட நீர் கனமாதலால் தாங்கியின் அடியிலே நீர் நிற்கும், அதை வடித்துவிடுங்கள். இவை எல்லாம் எடுத்த அன்றே நடைபெறவேண்டும். ஆகையால் திருத்துநர் வந்து சேர்ந்த பின்னரே இழுக்கத் தொடங்குவது புத்தி.

கடைசியாக ஒரு கடமை. இயந்திரம் வீடு சென்றதும் கூட்டம் கலைந்துவிடுகின்றது. வெட்டிய கரை அப்படியே கிடக்கின்றது. அடுத்த முறை நீர் திறக்கும்போது அந்த இடத்திலேதான் உடைப்பு ஏற்படும். சேற்றை அள்ளிப் போட்டு மூடுவது போதாது. பழைய மண்ணைக் கொத்திவிட்டு, களிமண் கலந்த நல்ல மண்ணை அரையடிப் படைகளாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் இறுக்கி அடித்துக் கட்டவேண்டும். அச்செலவு இயந்திரக்காரருடையது. அதை மனமுவந்து செய்பவருக்கு, மறுமுறை இடர் வந்தால் ஊர் முழுவதும் கைகொடுக்கும்.

நேயர்களே, இவற்றையெல்லாம் விபத்து நேர்ந்த இரவிலே பேசித் தீர்க்க முடியாது. காலபோகம் தொடங்குமுன் கமக்காரர் கூடும் கூட்டத்திலேயே பேசிவைக்கலாம். கனரக வண்டி போகத்தக்க கரை எது, போகத்தகாத கரை எது என்று வரையறுக்கலாம். வளைவுகளிலும் மதகுகளிலும் வெள்ளை பூசிய கற்களை நாட்டலாம். துருசுக்குப் பொறுப்பானவரின் தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு சாரதியும் வைத்திருக்கச் செய்யலாம். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. ஒரு மாலைப்பொழுதும், அயலவரின் வயலையும் நம் வயலாக எண்ணும் மனமும் இருந்தாற் போதும்.