விண்ணப்பத்தில் யார் கையெழுத்துப் போடுவது?



மறைந்த தோழரின் எழுத்தைப் பற்றியும் களப்பணியைப் பற்றியும் முன்னால் பேசியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். அவர் நடந்த தெருக்களில் இன்னும் முடியாமல் கிடக்கும் ஒரு வேலையைப் பற்றி நாம் பேசலாம்.

காலனியின் கடைசியில் ஒரு தகரக் கொட்டகை. நான்கைந்து பாய், ஒரு டோலக், வாடகைக்கு எடுத்த மைக். ஞாயிற்றுக்கிழமை முப்பது நாற்பது பேர் கூடுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள். தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்திலும் இப்படி ஒரு சபையைப் பார்க்கலாம். ஒரு நாள் எவரோ மனு கொடுக்கிறார். தாசில்தாரும் போலீசும் வருகிறார்கள். "அனுமதி இருக்கிறதா?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்று அதே பிரிவு சொல்கிறது. இந்தப் 'பொது ஒழுங்கு' தரைக்கு இறங்கி வந்த இடம்தான் கட்டட விதி. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிக் கட்டட விதிகளில் 4(3) என்று ஒரு விதி இருந்தது. வழிபாட்டுக் கட்டடம் என்றால் மாவட்ட ஆட்சியரின் முன்னனுமதி வேண்டும் என்றது அது. அமைதிக்குப் பங்கம் வரும் என்று அவர் கருதினால் மறுக்கலாம் என்றது. 1982 மண்டைக்காடு கலவரத்தை விசாரித்த வேணுகோபால் ஆணையமும் புதிய வழிபாட்டு இடங்களுக்குக் கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்தது. கலவரத்துக்குப் பிறகு அரசுக்கு வந்த பயம் நமக்குப் புரிகிறது. ஆனால் அமைதி கெடும் என்று ஆட்சியர் எதை வைத்துக் கருதுகிறார்? கீழே இருந்து வரும் அறிக்கையை வைத்து. அந்த அறிக்கை யாரிடம் கேட்டு எழுதப்படுகிறது? ஊரில் கேட்டு. ஊர் எதிர்த்தால் அது பொதுமக்கள் எதிர்ப்பு. சேரி கேட்டால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. எதிர்ப்பதாக மிரட்டுகிறவனைக் கட்டுப்படுத்துவதை விட, கும்பிடப் போகிறவளைத் தடுப்பது நிர்வாகத்துக்குச் சுலபமாக இருக்கிறது.

ஒலிபெருக்கிப் புகாரை மட்டும் நாம் தள்ளிவிடக் கூடாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை காலனியிலும்தான் இருக்கிறது. சபைகளிடம் இதை நாமே சொல்ல வேண்டும். அதற்காகச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம், கொட்டகையைப் பூட்ட முடியாது.

சரி, முறைப்படி விண்ணப்பிக்க வேண்டியதுதானே என்று நல்லெண்ணம் கொண்ட நண்பர்கள் கேட்கிறார்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. விண்ணப்பத்தில் யார் கையெழுத்துப் போடுவது?

1950 ஆகஸ்டு 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார். ஆகவே சபையில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று குடும்பங்கள் வாழ்கின்றன. மகளின் கல்லூரி இடம், உதவித்தொகை, ஊராட்சியின் தனித்தொகுதி எல்லாம் அந்தச் சான்றிதழில் தொங்குகின்றன. "நாங்கள் இந்தச் சபையின் விசுவாசிகள்" என்று ஆட்சியருக்கு எழுதிக் கொடுத்தால், அதே ஆட்சியர் அலுவலகத்தில் அது சான்றிதழுக்கு எதிரான சாட்சியாகிவிடும். இது வீண் பயம் இல்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவருடைய ஞானஸ்நானத்தையும் தவறாமல் ஆலயம் போவதையும் சுட்டிக்காட்டித்தான் உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது.

அனுமதி கேட்டால் சான்றிதழ் போகும். கேட்காவிட்டால் கொட்டகை போகும். இதைத்தான் இந்த நாட்டில் மதச் சுதந்திரம் என்கிறார்கள்.

அடி விழுந்தால்? சாதிப் பெயர் சொல்லித் தாக்கினார்கள் என்று ஆந்திராவில் ஒரு போதகர் புகார் கொடுத்தார். அவர் கிறித்தவராக வாழ்வதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று 2025இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் கூறியது. அடித்தவனுக்குத் தெரிந்த சாதி சட்டத்துக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் அரசின் மேலும் இந்துத்துவத்தின் மேலும் சுமத்திவிட்டு நாம் எழுந்து போக முடியாது. அனுமதியும் பட்டாவும் கோபுரமும் உள்ள ஆலயங்களில் நம் இடம் என்ன? அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனி ஆலயம் கட்டி, அதைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். பொது ஆலயத்தில் உட்காரும் இடத்திலும் சவ ஊர்வலத்திலும் பாகுபாடு இருந்ததுதான் காரணம். 2008 மார்ச்சில் அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் இறந்தார்கள். அந்த இரண்டு சாவுக்கும் சாதிதான் பொறுப்பு என்று நாம் நினைக்கிறோம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே சுவர் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். புதிய பங்கை உருவாக்கும் அதிகாரம் ஆயரிடம் இருக்கிறது; அதற்கு எந்த ஆட்சியரின் அறிக்கையும் தேவையில்லை.

காலனிக் கொட்டகைகள் பெருகியதற்கு வெளிநாட்டுப் பணம் காரணம் என்கிறவர்கள் இந்தப் பெரிய ஆலயங்களின் பின்வரிசையில் ஒரு ஞாயிறு உட்கார்ந்து பார்க்கட்டும். முன்வரிசை இல்லாதவர்கள் தங்களுக்கென்று ஒரு பாய் விரித்தார்கள்.

மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே அறிக்கை கொடுத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். அந்தப் போராட்டம் தொடரும். அதற்கு நடுவே மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் கடந்த பத்து ஆண்டுகளில் வழிபாட்டு இடத்துக்கு எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை மறுக்கப்பட்டன, மறுப்பாணையில் என்ன காரணம் எழுதினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். எல்லா மதத்தின் கணக்கையும் சேர்த்தே கேட்போம். மனுவின் மாதிரி அச்சடித்து வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடுவதால் இழப்பு வராதவர்கள் முதலில் போடுங்கள். வாசலில் மாவட்டவாரியாகப் பெயர் எழுதிக்கொள்கிறார்கள்.