பாறையில் போட்ட கணக்கு

(நூற்றாண்டு விழாவில் பிரான்ஸ் வாழ் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

பிரான்சிலிருந்து வந்தவர்கள் ஈபிள் கோபுரத்தைப் பற்றிக் கதைப்பார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் கதைக்க வந்தது கல்லைப் பற்றி.

பாரிஸுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீற்றரில் ஃபொந்தன்புளோ என்றொரு காடு உண்டு. சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடல்மணல் இறுகி, இன்று வீட்டளவிலும் வண்டிலளவிலும் பாறைகளாகக் கிடக்கிறது. கயிறு கட்டாமல் அவற்றில் ஏறுவது ஒரு விளையாட்டு. கீழே மெத்தை விரிப்பார்கள். கைவியர்வைக்கு வெண்பொடி பூசுவார்கள். செம்மஞ்சள், நீலம், சிவப்பு, கறுப்பு என்று பாறையிலுள்ள அம்புக்குறியின் நிறம் மாற மாறக் கடினம் கூடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டும் சேர்ந்த ஏறுதல் போட்டியில் ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட் இரண்டாம் தடவையாகத் தங்கம் வென்றார்.

ஏறும் ஒவ்வொரு வழியையும் ஆங்கிலத்தில் 'புரொப்ளம்' என்கிறார்கள். நாங்கள் அதைக் 'கணக்கு' என்றே சொல்லிக்கொண்டோம்.

எங்களில் ஒருத்தியின் மகள்தான் எங்களை அங்கே இழுத்துப் போனவள். "அன்ரிமார், சும்மா பார்க்க வாங்கோ" என்றாள். ஏழு பேர் போனோம். எல்லோரும் நாற்பது தாண்டியவர்கள். 1946இல் முதன்முதலாக ஏறப்பட்ட மரி-ரோஸ் என்ற புகழ்பெற்ற பாறையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு செம்மஞ்சள் கணக்கில் கை வைத்தோம். ஆளுயரத்தைவிடச் சற்றுக் கூடிய கல்தான். இரண்டு மணித்தியாலம் அது எங்களை விடவில்லை.

கையால் இழுத்து ஏறப் பார்த்தோம், வழுக்கியது. விரல்நுனித் தோல் எரிந்தது. எங்களில் ஒருத்திக்கு 2009இல் பட்ட செல்துண்டு இன்னும் காலில் இருக்கிறது. அவள் ஏறவில்லை, கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கையை விடுங்கோ, காலைப் பாருங்கோ. இடதுகாலை அந்தச் சின்னப் பள்ளத்தில் வைத்து, முழுப் பாரத்தையும் அதில் போடுங்கோ" என்றாள். எந்தக் காலை எவ்வளவு நம்பலாம் என்று ஒவ்வொரு அடியிலும் பார்த்துப் பழகியவள் அவள். அவள் சொன்னபடி செய்தோம். மூன்று பேர் உச்சிக்குப் போனோம்.

பிறகு அவளும் சப்பாத்தின் மணலைத் துடைத்துவிட்டு ஏறினாள். பாதியில் விழுந்தாள். கீழே நிற்பவர்கள் விழுபவரைத் தூக்கிப் பிடிக்க முயல்வதில்லை. தலையும் முதுகும் அடிபடாமல் மெத்தைப் பக்கம் திருப்பிவிடுவார்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். எழும்பி, "இன்னொருக்கா" என்றாள். அன்று அவளால் முடியவில்லை. அடுத்த முறை போனபோதும் முடியவில்லை. அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது. அவளும் இன்னும் வருகிறாள்.

திரும்பும் ரயிலில் ஒரு கேள்வி எழுந்தது. விழுந்தால் வெட்கம் என்று எங்களுக்கு யார் பழக்கினார்கள்? பெரியபிள்ளையானதும் எங்களில் பலர் மைதானத்துக்குப் போகவில்லை. "அடிபட்டால் யார் கட்டுவான்?" என்றார்கள். பிறகு எங்கள் வாழ்க்கையில் எத்தனையோ முறை விழுந்தோம், கீழே மெத்தை இல்லாமல். அப்போது தாங்கியது இந்தப் பாடசாலையில் கிடைத்த சிநேகிதிகளின் கைகள்தான்.

தண்ணீரூற்றில் பாறை தேட வேண்டாம். எங்களூர் மண் தோண்டினால் தண்ணீர் ஊறும் மண். ஆனால் பாய்வதற்கு உயரம் உண்டு. நாங்கள் மணற்குழியில் உயரம் பாய்ந்தவர்கள். எங்கள் தங்கைமார் மெத்தையில் விழட்டும். அதற்காகப் பிரான்ஸ் பழைய மாணவிகள் சார்பில் உயரம் பாய்தல் மெத்தை ஒன்றை இன்று அதிபரிடம் கையளிக்கிறோம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் பெண்பிள்ளைகளைப் பாய விடுங்கள். மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் சிநேகிதி பாயும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

எங்கள் பாடசாலை இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ்க!