ஒன்றா பெரிது, ஆறா பெரிது?



ஊரிலை நூற்றுக்கு எத்தனை எண்டு கேட்டு வளர்ந்தனாங்கள். இங்கே ஜேர்மனியிலோ 1 தான் அதிசிறப்பு, 6 அடிமட்டம். சுவிசில் இருக்கும் மச்சானின் மகளுக்கு 6 தான் உச்சம். இலக்கத்தை வைத்துப் பிள்ளைகளை ஒப்பிடாதேங்கோ.

2.3 எடுத்த பிள்ளை, "எனக்கு எங்கை புலமைப்பரிசில்?" எண்டு பேசாமல் இருந்திடக்கூடாது. பல்கலைக்கழக மாணவருக்காக 2011இல் தொடங்கிய 'டொய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியம்' மாதம் 300 யூரோ தருகிறது. புள்ளியோடு சமூகத்தொண்டு, குடும்பச்சூழல், புலம்பெயர்ந்த பின்னணி என்பவற்றையும் கவனிக்கும்படி அதன் சட்டமே சொல்கிறது. சனிக்கிழமைகளில் சின்னப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறதும் தொண்டுதானே? அதையும் எழுதுங்கோ. 'பாஃபெக்' உதவிக்கோ பரீட்சைப் புள்ளியல்ல, பெற்றோரின் வருமானமே கணக்கு.

கேட்காத பிள்ளைக்குக் கிடைக்காது. விண்ணப்பியுங்கோ. இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.