அரசமைப்பு தந்த உரிமையும் நாம் எழுதவேண்டிய தாளும்
(பொன்விழாக் கருத்தரங்கில் இளம் வணிகர்கள் சார்பில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.





“சமயமும் சட்டமும்” என்ற தலைப்பில் பேசும்படி எங்களைப் பணித்திருக்கிறீர்கள். நாங்கள் ஆலிம்கள் அல்லர், வழக்கறிஞர்களும் அல்லர். கடை நடத்துகிறவர்கள். ஆகவே கடைக்காரர்களுக்குப் புரிந்த ஒரு வழியில் இந்தத் தலைப்புக்குள் நுழைகிறோம். ஒருவர் மௌத்தான பின் அவருடைய கடையும் வீடும் சேமிப்பும் யாரிடம் போய்ச் சேருகின்றன? எந்தச் சட்டப்படி சேருகின்றன?

சிங்கப்பூரின் அரசமைப்புச் சட்டத்தில் 15ஆம் பிரிவு, தம் சமயத்தை ஏற்கவும் பின்பற்றவும் பரப்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் பற்றிய பொதுச் சட்டங்களை அந்த உரிமையைக் காட்டி மீற முடியாது என்ற எல்லையையும் அதுவே வகுக்கிறது. 153ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. முஸ்லிம்களின் சமய விவகாரங்களை முறைப்படுத்தச் சட்டம் இயற்ற வேண்டும், அதிபருக்கு ஆலோசனை கூற ஒரு மன்றம் அமைக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தின் மீதே கடமை சுமத்துகிறது.

அந்தக் கடமையை நிறைவேற்றும் சட்டத்தைத்தான் ‘அம்லா’ என்று அழைக்கிறோம். முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம். நாடு தனியாகி ஓராண்டே ஆன 1966இல் அது நிறைவேறியது. 1968 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றம் அதன்படி அமைந்தது. 1958லேயே தொடங்கியிருந்த ஷரியா நீதிமன்றமும் அதன்கீழ் வந்தது. முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் ஒரு குடியரசில், நம் திருமணமும் மணவிலக்கும் வாரிசுரிமையும் நம் மார்க்கப்படி நடக்கச் சட்டமே ஏற்பாடு செய்திருக்கிறது. இது சாதாரணமாகக் கிடைத்துவிடும் பேறு அல்ல.

அந்தச் சட்டத்தில் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. இங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள்; ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். முயிஸின் ஃபத்வாக்களும் பொதுவாக ஷாஃபி மத்ஹபின்படியே அமையும் என்று 33ஆம் பிரிவு கூறுகிறது. நம்மிலோ காயல்பட்டினம், கீழக்கரை வழிவந்த ஷாஃபிகளும் இருக்கிறோம். ராவுத்தர் குடும்பங்களைப் போல ஹனஃபிகளும் இருக்கிறோம். இந்த மண்டபத்தில் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கிறோம். ஹனஃபிகளை அம்லா மறக்கவில்லை. குறிப்பிட்ட ஒரு மத்ஹபின்படி தீர்ப்புக் கேட்டால், அந்த மத்ஹபின்படியே ஃபத்வா தர வேண்டும் என்று அதே 33ஆம் பிரிவு சொல்கிறது. வஸிய்யத் பற்றிய 111ஆம் பிரிவும், ஒருவர் தாம் பின்பற்றும் மத்ஹபின் விதிகளுக்கு உட்பட்டே எழுத வேண்டும் என்கிறது.

இதனால் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். பிள்ளையும் தந்தையும் இல்லாத ஒருவர் இறக்கிறார். தந்தையின் தந்தை இருக்கிறார். கூடப் பிறந்த சகோதரரும் இருக்கிறார். ஹனஃபி மத்ஹபில் பாட்டனார் இருக்கும்போது சகோதரருக்குப் பங்கில்லை. ஷாஃபி மத்ஹபில் இருவருக்கும் பங்கு உண்டு. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் நாம் எந்த மத்ஹப் என்பதை நாம்தானே சொல்ல வேண்டும்?

இனி கடைக்கு வருவோம். தனி உரிமையாளர் பெயரில் பதிந்த கடைக்கு, அந்த உரிமையாளரைத் தவிர வேறு சட்ட உருவம் கிடையாது. அவர் கண்மூடினால், செய்தி கிடைத்ததும் வங்கி அவர் கணக்கை முடக்கிவிடும். குடும்பத்தார் ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்று, சிவில் நீதிமன்றத்தில் சொத்தை நிர்வகிக்கும் ஆணை பெற்ற பிறகே பணத்தைத் தொட முடியும். அதுவரை வாடகை நிற்காது. சரக்குக் கொடுத்தவர் காத்திருக்க மாட்டார்.

கடன்களெல்லாம் அடைத்தபின் 240,000 வெள்ளி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பெண்மக்கள், ஊரில் ஒரு சகோதரர். பெற்றோர் இல்லை, ஆண்பிள்ளை இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, 30,000. பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு, 160,000. எஞ்சிய 50,000 சகோதரருக்கு. அது அல்லாஹ் அவருக்கு வகுத்த பங்கு. அதில் யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சரக்கில் எவ்வளவு கடன்சரக்கு? மனைவியின் நகையை விற்றுக் கடையில் போட்ட பணம் கடனா, அன்பளிப்பா? முன்பணம் யார் கொடுத்தது? எழுதிவைக்காவிட்டால், இத்தா இருக்கும் பெண்தான் இவற்றுக்கெல்லாம் சாட்சி தேட வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதிவைப்பது பற்றியது என்பதை வணிகர்களாகிய நாம் மறக்கலாமா?

“மார்க்கம் சொல்வது ஒன்று, நீதிமன்றம் சொல்வது வேறொன்று, எதைக் கேட்பது?” என்று நம்மில் சிலர் மனம் வெதும்புகிறார்கள். கணவன் மனைவி கூட்டு உரிமையில் வாங்கிய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் பாதி வாரிசுகளுக்குச் சேர வேண்டும் என்பது முன்னாளைய ஃபத்வா. உயிரோடு இருப்பவருக்கே வீடு முழுவதும் சேரும், ஃபத்வா சிவில் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் ஃபத்வா குழு இந்த விஷயத்தை மீண்டும் ஆராய்ந்து, உயிரோடு இருப்பவரின் முழு உரிமையை மார்க்க வழியிலேயே ஏற்றுக்கொண்டது. மத்திய சேமநிதியிலும் அப்படித்தான். நியமனம் பெற்றவர் பணத்தை வாரிசுகளுக்குப் பிரித்துத் தருபவர் மட்டுமே என்ற பழைய நிலை மாறி, நியமனம் ஹிபாவாகச் செல்லும் என்று 2010இல் ஃபத்வா வந்தது.

இதை மார்க்கம் சட்டத்துக்குப் பணிந்ததாக நாங்கள் பார்க்கவில்லை. நீதிமன்றம் தன் எல்லையில் நின்றது. உலமாக்கள், வீவக வீட்டில் தனித்து நிற்கும் விதவையின் நிலையைப் பார்த்து, ஃபிக்ஹுக்குள்ளேயே வழி தேடினார்கள். அரசுக் கொள்கையும் அப்படியே மாறுகிறது. பொது மருத்துவமனைத் தாதியர் தலைத்துண்டு அணிய 2021 நவம்பர் 1 முதல் அனுமதி கிடைத்தது, சமூகம் ஆண்டுக்கணக்காகப் பொறுமையோடு கேட்டதன் பின்புதான். ஜனநாயகத்தில் கேட்பவர் குரல்தான் பதிவாகும். நம் கேள்வியை நாம் கேட்காவிட்டால், நமக்கும் சேர்த்து வேறு யாரோ கேட்ட கேள்விக்கான பதிலே நமக்கும் சட்டமாகும்.

ஆகவே இந்தப் பொன்விழாவில் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: உறுப்பினர் ஒவ்வொருவரும் இந்த ஆண்டுக்குள் ஒரு கோப்புத் திறக்க வேண்டும். பற்றுவரவு, கடன், முன்பணம், தம் மத்ஹப், வஸிய்யத், சேமநிதி நியமனம் எல்லாம் அதில் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இரண்டு: சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஆலிமையும் ஒரு வழக்கறிஞரையும் ஒரே மேசையில் அமர்த்தி, தமிழில் ஆலோசனை தர ஏற்பாடு செய்ய வேண்டும். கடையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கும் அந்த மேசையில் இடம் வேண்டும்.

மூன்று: முயிஸ் மன்றத்துக்குப் பெயர்களை முன்மொழியும் வாய்ப்பு முஸ்லிம் அமைப்புகளுக்கு இருக்கிறது. தகுதியுள்ள நம் ஆண்களையும் பெண்களையும் சங்கம் அதற்குத் தயார்ப்படுத்த வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி தீர்வு வேண்டிய கேள்விகளைத் திரட்டி எழுத்துமூலம் ஃபத்வா குழுவிடம் கேட்க வேண்டும்.

ஜனாஸா என்றால் ஓடிவந்து தோள்கொடுப்பதில் ஐம்பது ஆண்டுகளாக நம் சங்கத்தார் குறை வைத்ததில்லை. அடக்கம் செய்து திரும்பியபின் அந்த வீட்டில் பிரிக்கப்படும் கோப்பும் ஒழுங்காக இருக்க இனி நாம் தோள்கொடுப்போம்.

நம் முன்னோரின் கபுர்களை அல்லாஹ் ஒளியாக்குவானாக. நம் குடும்பங்களில் பங்கு பிரியும் நாளில் பாசம் பிரியாமல் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.