உழாமல் விதைக்க நமக்கு ஏற்ற கருவி எங்கே?

(விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உழாமல் விதைக்கிறது நம்ம காவிரி டெல்டாவுக்குப் புதுசு இல்லை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி, மண் மெழுகுபதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 கிலோ உளுந்தை நெற்பயிருக்குள்ளேயே தெளிப்போம். உழவுக் கூலி இல்லை, தண்ணி பாய்ச்ச வேண்டாம். மிச்ச ஈரமும் பனியுமே போதும். கோடைச் செலவுக்கு அந்த உளுந்துதான் கைகொடுத்தது.

ஆள் இறங்கி அரிவாளால் அறுத்தவரை அது சரியாக நடந்தது. இன்றைக்கு அறுப்புக்கு ஆள் ஏது? அறுவடை மெஷின்தான் வருது. முளைத்த உளுந்து மெஷினுக்கு அடியில் நசுங்குது. தப்பினது வைக்கோல் குவியலுக்கு அடியில் வெளுத்துச் சாகுது. சரி, அறுத்த பிறகு உழுது விதைக்கலாம் என்றால், இருக்கிற ஈரமும் பறந்துவிடுது; டீசல் காசும் தண்டம். கடைசியில் வயல் தரிசு!

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அறுத்த தாளுக்கு நடுவே மண்ணைக் கோடு மாதிரிக் கீறி, விதையையும் உரத்தையும் ஈரத்தில் இறக்கும் கருவியை 1990-களின் தொடக்கத்திலேயே பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். பஞ்சாப், ஹரியானாவில் சின்னப் பட்டறைகளே அதைச் செய்து விற்றதால்தான் நெல்லுக்குப் பின் கோதுமை விதைக்க அது பரவியது. பிறகு வைக்கோல் கிடக்கும் வயலிலும் விதைக்கும் 'ஹேப்பி சீடர்' வந்தது. ஆனால் அதை இழுக்க 45 குதிரைத்திறன் டிராக்டர் வேணும்.

நம்ம கதை என்ன? 2015-16 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், ரெண்டு ஏக்கருக்கும் குறைவு. அதுவும் நாலு துண்டு! அங்கே பெரிய டிராக்டர் எங்கே திரும்பும்? 2014-15-இல் தொடங்கிய இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிக்கு 50 சதவீத மானியம் என்கிறார்கள். மீதிப் பாதியை எங்கே புரட்டுவது? நம்ம வயலில் இறங்காத கருவிக்கு மானியம் எதற்கு?

ஆகவே கேட்கிறோம்:

1. பவர் டில்லரில் பூட்டும் விதைப்புக் கருவியும், நின்றபடி குத்தி விதை போடும் கைக்கருவியும் நம்ம களிமண்ணிலேயே, நம்ம கண் முன்னால் சோதித்துத் தயாரிக்க வேண்டும்.

2. அதன் வரைபடத்தை உள்ளூர் லேத் பட்டறைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும். உடைந்தால் உள்ளூரிலேயே சரி செய்ய முடியணும்.

3. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் குறைந்த வாடகைக்கு, அறுப்புக்கு முன்பே கருவி தயாராக இருக்க வேண்டும். ஈரம் நமக்காகக் காத்திருக்காது!

4. முழு விலையையும் முதலில் கட்டு என்று சொல்லக் கூடாது. மானியத்தைக் கழித்தே வாங்க வேண்டும்.

இது பிச்சை அல்ல, உரிமை. மனுவில் கையெழுத்திடுங்கள், வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்.

தரிசாகக் கிடக்குது வயல், திரண்டு வாரீர்!