ஜூன் மாத நாள்களும் இல்லறத்தார் விரதமும்

(கச்சிராயபாளையத்தில் சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

சுருத பஞ்சமி, மறதியை வெல்வதற்கென அமைந்த திருநாள். கிர்நார் மலைக்குகையில் உறைந்த தரசேன ஆசாரியர், செவிவழியாக வந்த ஆகம அறிவு அழிந்துபோகுமோ என அஞ்சிப் புட்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்க்கும் அதனை ஓதுவித்தார். அவர்களால் சட்கண்டாகமம் நூல் வடிவம் பெற்றது. கற்று முடித்த பூதபலி முனிவர் தமிழ்நாட்டை அடைந்தார் என வீரசேனரின் தவளா உரை கூறுகிறது. ஆதலால் இத்திருநாள் தமிழ்ச் சமணர்க்கு மிக அணுக்கமானது.

மே இறுதியிலோ ஜூனிலோ வரும் இத்திருநாளை ஒட்டியே உலகம் போற்றும் நாள்கள் பலவும் வருகின்றன. 1972இல் ஸ்டாக்ஹோமில் கூடிய மாநாட்டின் நினைவாக ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாளாயிற்று. ஓரறிவுயிரையும் உயிரென மதித்த அறத்தார்க்கு இது புதிய பாடம் அன்று. கல்வராயன் மலைக்காடு செழித்தால்தான் கோமுகி அணையில் நீர் நிற்கும் என்பதை இவ்வூர் உழவரும் அறிவர். ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் முறை எதிர்ப்பு நாள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இதனை 2002இல் தொடங்கியது. இரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1868இல் பிறந்த ஜூன் 14, உலகக் குருதிக் கொடையாளர் நாள். நால்வகைத் தானங்களுள் ஒன்றான ஔடத தானத்தோடு இதனை ஒப்பிடலாம்.

இவற்றுள் இம்மாவட்டத்தார் ஆழ்ந்து எண்ண வேண்டியது ஜூன் 26. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1987இல் அந்நாளைப் போதைப்பொருள் எதிர்ப்பு நாளாக அறிவித்தது. ஆண்டுதோறும் பேரணிகள் நடைபெறுகின்றன, உறுதிமொழிகள் எடுக்கப்படுகின்றன. 2024இல் அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னர்தான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அவர்களுள் பெரும்பாலோர் அன்றாடக் கூலியால் குடும்பம் காத்தவர்கள். முந்தைய ஆண்டுகளின் உறுதிமொழிகள் அவர்கள் வாயில்வரை சென்று சேரவில்லை.

அத்துயருக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்த மலை அது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் தாமதமாகச் சென்ற இடத்தில் சாராய ஊறல் முந்திக்கொண்டது. பிழைக்க வழியின்றி ஊறல் போட்டவரும், களைப்பு நீங்கக் குடித்தவரும் ஒரே வறுமையின் இரு கரைகளில் நின்றவர்களே.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், மதுவும் ஊனும் தேனும் விலக்கி ஐந்து அணுவிரதங்களைக் காத்தலை இல்லறத்தாரின் எட்டு மூலகுணங்கள் என்றார். மது விலக்கு இங்கே அடிப்படை. சிறப்புத் தகுதி அன்று. ஆயினும் தான் குடியாதிருப்பதோடு சிராவகன் கடமை நிறைவுறுமா? நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றாக, நன்னெறியிலிருந்து வழுவுவோரை மீண்டும் அதில் நிலைநிறுத்தும் ஸ்திதிகரணத்தையும் அந்நூலே வைத்துள்ளது. வழுவியவரை இகழ்வதற்கு அதில் இடமில்லை. அவ்வங்கம் ஆலயச் சுவரைக் கடந்து ஊர்வரை விரிதல் வேண்டும்.

எனவே ஜூன் 26 அன்று எடுக்கும் உறுதி ஆண்டு முழுதும் செயலாகட்டும். குடியை விட விழைபவரை மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். குடியால் தலைவனை இழந்த வீட்டில் பிள்ளையின் படிப்பு நிற்காதிருக்கச் சாத்திர தானம் செய்ய ஒரு குடும்பம் வேண்டும். அப்பிள்ளை பள்ளியில் இருந்தால் ஜூன் 12இன் நோக்கமும் அங்கே நிறைவேறும்.

ஓதியதை மறவாதிருக்க ஏடு எழுதினர் முன்னோர். மறைந்தவர்களை மறவாதிருக்க, எஞ்சியவர்களின் வாயிலுக்குச் செல்லுதல் இன்றைய சிராவகர் கடன்.

அருகன் அறம் வளர்க!