கம்பிக்குள் இருக்கும் செம்பு



பழுதாகிப்போன மின்விசிறியைக் காயலான் கடையில் போடும்போது, அதோடு தொங்கிக்கொண்டு போகும் வயரை நாம் பொருட்படுத்துவதில்லை. கடைக்காரரின் கண்ணோ முதலில் அதன் மேல்தான் விழுகிறது, ஏனெனில் உள்ளே இருப்பது எத்தனை முறை உருக்கினாலும் குணம் குன்றாத செம்பு.

மேலே உள்ள பிளாஸ்டிக்கைப் பிரிப்பதில்தான் சங்கடம். கட்டைவிரல் பருமனுள்ள கேபிளானால், கத்தியால் நீளவாட்டில் கீறித் தோலை உரித்து, பளபளக்கும் செம்பை அப்படியே எடுத்து நல்ல விலைக்கு விற்றுவிடலாம். மெல்லிய கம்பிகளை அவ்விதம் உரிக்க உட்கார்ந்தால், பொழுது சாய்ந்த பிறகும் கூலி தேறாது. ஆகவே நெருப்பு வைக்கிறார்கள்.

கானா நாட்டின் தலைநகரான அக்ராவில், அக்போக்புளோஷி என்னும் பழம்பொருட் சந்தையை 2021-இல் அரசாங்கம் கலைக்கும் வரையில், பழைய குளிர்பதனப் பெட்டிகளின் நுரைத் துண்டுகளையும் டயர்களையும் எரிபொருளாக்கி, இளைஞர்கள் கம்பிச் சுருள்களைக் கொளுத்திவந்தார்கள். கம்பியின் மேலுறையான பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் எரிந்தால் அமிலப் புகை எழுகிறது. போதாக்குறைக்கு, உள்ளிருக்கும் செம்பே ஊக்கியாக நின்று டையாக்ஸின் என்னும் கொடிய விஷம் உற்பத்தியாகத் துணைபோகிறது. அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டையிலும் அவ்விஷம் மிகுதியாக இருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. இத்தனைக்கும், தீயில் கறுத்த செம்புக்கு விலை குறைவு. இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றாட வயிற்றுக் கணக்கு அது.

நெருப்பில்லாத மார்க்கமும் உண்டு. யந்திரம் கம்பியைத் துண்டாக்கி, பின்னர் நொய்யரிசி அளவுக்கு நொறுக்குகிறது. இடையில் காந்தம் இரும்பை இழுத்துக்கொள்கிறது. அந்த நொய், அடியிலிருந்து காற்று வீச அதிர்ந்துகொண்டிருக்கும் சாய்வான மேசையில் விழுகிறது. செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம், பி.வி.சி.க்கு 1.4 கிராம் அளவே. முறத்தில் புடைக்கும்போது உமி ஒதுங்குவதுபோலப் பிளாஸ்டிக் காற்றில் மிதந்து சரிவில் இறங்கிவிட, மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கும் செம்போ, அதன் அதிர்வினால் உந்தப்பட்டு, விந்தையாக, மேட்டை நோக்கி ஏறுகிறது! காற்றுக்கும் அகப்படாத நுண்துகள்களுக்கு மின்னேற்றம் கொடுத்து, சுழலும் உருளையின்மேல் விடுகிறார்கள். உலோகம் தன் மின்னேற்றத்தை உடனே இழந்து தெறித்துவிழ, பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு சுற்றிவந்து தூரிகையால் துடைத்தெடுக்கப்படுகிறது.

செம்பு உருக்காலைக்குப் போய்விடும். எஞ்சிய பிளாஸ்டிக்குக்குத்தான் போக்கிடம் சுலபமாய்க் கிடைப்பதில்லை. அதில் பல ஜாதிகள் கலந்திருக்கின்றன; மின்சாரக் கேபிள்களில் உள்ள ஒருவகைப் பாலித்தீன், சூடுபடுத்தினாலும் மறுபடி உருகுவதில்லை; பழைய பி.வி.சி.யிலோ ஈயச் சேர்மானம் இருக்கக்கூடும். ஆகவே வாங்குகிறவர், எந்தக் காலத்துக் கம்பியிலிருந்து வந்தது என்று விசாரித்தே வாங்கவேண்டும். குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் செய்ய அது உதவாது.